கர்ப்பப்பை ஆபரேஷன்: துளை போட்டா, வயிற்றைத் திறந்தா?

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர்ப் பக்கம் ஒரு பெண்ணுக்குக் கர்ப்பப்பையை எடுக்கணும் என்று டாக்டர் சொல்லிவிட்டால், வீட்டில் எழும் முதல் கேள்வி, “எவ்ளோ ஆகும்?” இரண்டாவது, “கிழிச்சு எடுப்பாங்களா, கேமரா போட்டு எடுப்பாங்களா?” இரண்டையும் கேட்பதில் தப்பில்லை. ஆனால் இவற்றுக்கு முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றும் கேட்க வேண்டியிருக்கிறது. முன்னால் டாக்டரிடம்: எடுத்தே ஆகணுமா? பின்னால் வீட்டாரிடம்: வந்தபிறகு என்னை எத்தனை நாள் உட்கார விடுவீர்கள்?

முதல் கேள்வியைச் சுருக்கமாகவாவது பார்த்துவிட வேண்டும். கர்ப்பப்பை, கர்ப்பப்பை வாய், சினைப்பை ஆகியவற்றில் புற்றுநோய் என்றால் பெரும்பாலும் பேச்சு நீளாது. அதிக ரத்தப்போக்கு, நார்க்கட்டி, பை வீங்கித் தடிக்கும் அடினோமயோசிஸ், பை கீழே இறங்குவது இவற்றில்தான் யோசிக்க இடம் இருக்கிறது. ரத்தப்போக்கைக் குறைக்க டிரானெக்சாமிக் மாத்திரை உண்டு, ஹார்மோன் மாத்திரை உண்டு, காப்பர்-டி மாதிரி பைக்குள் வைத்துவிட்டால் சில வருடம் மெதுவாக ஹார்மோன் விடும் சாதனமும் உண்டு. நார்க்கட்டி இருப்பதாக ஸ்கேனில் வந்தது என்பதற்காக மட்டும் யாரும் பையைக் கொடுக்க வேண்டியதில்லை; தொந்தரவு செய்யாத கட்டியைச் சும்மா விடலாம், மாதவிடாய் நின்றபின் அது பெரும்பாலும் தானே சுருங்கும். 48 வயதில் இருக்கும் ஒருவருக்கு மருந்தோடு ஓரிரு வருடம் ஓட்டிப் பார்ப்பதும் ஒரு வழிதான். வெறும் வெள்ளைப்படுதலுக்காகப் பையை எடுக்கச் சொன்னால், அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு இன்னொரு டாக்டரிடம் போவது நல்லது.

“புள்ள பெத்தாச்சு, இனிமே அது எதுக்கு, எடுத்துட்டா கேன்சர் பயமும் இல்ல” என்று சொல்பவர்கள் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100-க்குச் சுமார் 3 பேர் பையை எடுத்துக்கொண்டவர்கள் என்கிறது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. காட்பாடியைத் தாண்டி எல்லையைக் கடந்தால் வரும் ஆந்திராவில் அது 8, 9 பேர். எல்லைக்கு அந்தப்பக்கம் பெண்களின் உடம்பு வேறா என்ன? தேவையில்லாத ஆபரேஷன்கள் பற்றிய பொதுநல வழக்கில் 2023-ல் உச்ச நீதிமன்றம், மத்திய சுகாதார அமைச்சகம் வகுத்த வழிகாட்டு நெறிகளை எல்லா மாநிலங்களும் பின்பற்றச் சொன்னது. அதனால் “வேற வழி ஏதாவது இருக்கா டாக்டர்?” என்று கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

சரி, எடுக்கத்தான் வேண்டும் என்று ஆகிவிட்டது. இனி எப்படி?

திறந்து செய்வதில் அடிவயிற்றில் குறுக்காக, சிசேரியனுக்குப் போடுவது மாதிரி 10 முதல் 15 செ.மீ. அளவுக்குக் கீறுவார்கள். பை ரொம்பப் பெரிதாக இருந்தாலோ புற்றுநோய்ச் சந்தேகம் இருந்தாலோ தொப்புளுக்குக் கீழே நேர்கோட்டில் கீறுவதும் உண்டு. முதுகில் ஊசி போட்டே செய்யலாம். கேமரா முறையில் வயிற்றில் மூன்று நான்கு சின்னத் துளைகள், ஒவ்வொன்றும் 5 முதல் 10 மி.மீ. வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடு வாயுவை நிரப்பி உப்ப வைத்து, டேபிளைத் தலைப்பக்கம் சாய்த்து, குடல் மேலே ஒதுங்கியபின் திரையைப் பார்த்துக்கொண்டே செய்வார்கள். இதற்குப் பொதுவாக முழு மயக்கம் வேண்டும். விடுபட்ட பையைப் பெரும்பாலும் பிறப்புறுப்பு வழியாகவே வெளியே எடுத்து, உள்ளே அதன் மேல்முனையைத் தைத்து மூடுவார்கள்.

மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. வயிற்றில் ஒரு கீறல்கூட இல்லாமல் முழு ஆபரேஷனையும் கீழ்வழியாகவே, அதாவது பிறப்புறுப்பு வழியாகவே, செய்து முடிப்பது. நம் வீட்டுப் பேச்சில் இது வருவதே இல்லை. தழும்பு இல்லை, வாயு இல்லை, முதுகு ஊசி போதும், விலையுயர்ந்த கருவி வேண்டாம். பை இறங்கிப்போனவர்களுக்கு வழக்கமாக இதுதான். இறங்காதவர்களுக்கும், பை மிகப் பெரிதாக இல்லாமல், சுகப்பிரசவம் ஆகியிருந்தால், பல சமயம் முடியும். 2015-ல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு 47 சோதனைகளில் பங்கெடுத்த 5,102 பெண்களின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்து, முடிகிற இடத்திலெல்லாம் கீழ்வழியே முதலில் வரட்டும் என்றுதான் சொன்னது. பழைய வித்தை என்பதால் விளம்பரப் பலகையில் இடம் கிடைக்கவில்லை போலிருக்கிறது. கேமராவில் பை எடுப்பது அமெரிக்காவில் 1988-ல்தான் முதன்முதலாக நடந்தது. கீழ்வழி அதைவிட மிகப் பழையது. “எனக்குக் கீழ் வழியா முடியுமா?” என்று ஒருமுறை கேட்டுவிட்டு அப்புறம் துளையா கிழிப்பா என்று பேசுங்கள்.

அதே ஆய்வில், திறந்த ஆபரேஷனோடு ஒப்பிட்டால் கேமரா முறையில் செய்துகொண்டவர்கள் வழக்கமான வேலைகளுக்குச் சராசரியாக 13 நாளுக்கு மேல் முன்னதாகவே திரும்பினார்கள். காயத்தில் சீழ் வைப்பதும் குறைவு. ஆனால் ஆபரேஷன் நேரம் கூடுதல். மூத்திரப்பை, மூத்திரக்குழாய் ஆகியவற்றில் காயம் படுவதும் கேமராவில்தான் கூடுதல். அப்படிக் காயம் படுவோர் எண்ணிக்கை சிறியது. ஆனால் பட்டுவிட்டால் அது சின்ன விஷயம் அல்ல. சிறுநீரகத்திலிருந்து வரும் குழாய், கர்ப்பப்பைக்கு ரத்தம் கொண்டுபோகும் நாளத்துக்கு அடியிலேயே ஓடுகிறது. கர்ப்பப்பை வாயிலிருந்து அதற்கு இடைவெளி ஓரிரு செ.மீ.தான். ரத்தக்குழாயைச் சூடு வைத்து அடைக்கும்போது அந்தச் சூடு பக்கத்தில் இறங்கினால், உடனே தெரியாமல், வாரம் பத்து நாள் கழித்துச் சிறுநீர் கசியத் தொடங்கலாம்.

இதில் நம்மூருக்கென்று ஒரு சங்கதி இருக்கிறது. வேலூர் ஆஸ்பத்திரிகளுக்கு மேற்கு வங்காளத்திலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் ஆட்கள் வந்து காந்தி ரோட்டு லாட்ஜுகளில் தங்குகிறார்கள். ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி வருபவர்களும் உண்டு. இரண்டாம் நாளே டிஸ்சார்ஜ் என்றதும் எல்லாருக்கும் ஊர் போகத்தான் மனசு ஓடும். தூரத்து ஆட்கள் முதல் மறுபரிசோதனை முடியும்வரை பக்கத்தில் எங்காவது தங்கிவிடுவது நல்லது. காய்ச்சல், வயிறு உப்பிக்கொண்டே போவது, அடியில் நிற்காமல் நீர் கசிவது, விலாப்பக்கம் வலி, கால் ஒன்று மட்டும் வீங்குவது இதில் எது வந்தாலும் உள்ளூர் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கக் கூடாது, ஆபரேஷன் செய்த இடத்துக்கே வர வேண்டும்.

யாருக்கு எது என்பதைத் தீர்மானிப்பது முதலில் வயிற்றுக்குள் இருப்பதுதான். டாக்டர்கள் பையின் பருமனை, எத்தனை வாரக் கர்ப்பத்தின் அளவுக்கு இருக்கிறது என்று, வாரக் கணக்கில் சொல்வார்கள்: 12 வாரம், 16 வாரம், 24 வாரம். 12 வாரத்துக்குள் இருப்பதைக் கீழ்வழியாகவோ கேமராவிலோ எடுப்பது எளிது. தொப்புளைத் தாண்டி வளர்ந்த பையைக் கேமராவில் எடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். அது அந்தக் கையின் பழக்கத்தைப் பொறுத்தது. ரெண்டு மூணு சிசேரியன் ஆனவர்களுக்கு மூத்திரப்பை பையோடு ஒட்டிக்கொண்டிருக்கலாம். தமிழ்நாட்டில் இப்போது 100 பிரசவத்தில் 45 வரை சிசேரியன் என்கிறது 2019-21 கணக்கெடுப்பு, ஆக இது பலருக்கும் வரப்போகிற பிரச்சினை. ஒட்டுதல் இருந்தாலே கேமரா கூடாது என்று அர்த்தமில்லை. முந்தைய ஆபரேஷன் எல்லாவற்றையும், கு.க. ஆபரேஷன் உட்பட, டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும் என்றுதான் அர்த்தம்.

சர்க்கரை உள்ளவர்கள், உடம்பு பருத்தவர்கள் இருவருக்கும் திறந்த காயம் ஆற நாள் பிடிக்கும். அடிவயிற்று மடிப்புக்குள் தையல் போய்விட்டால், கத்திரி வெயிலில் வியர்வை ஊறி ஊறி, அந்த இடத்தை உலர்வாக வைப்பதே பெரிய பாடு. இவர்களுக்குத் துளை நிஜமாகவே வரம். ஆனால் இதயமோ நுரையீரலோ பலவீனமாக இருப்பவர்களுக்கு, வயிற்றை வாயுவால் உப்ப வைத்துத் தலைகீழாகச் சாய்த்துப் படுக்கவைப்பதை மயக்க மருந்து டாக்டர் ஏற்காமல் போகலாம். ஆக, நவீனமானது என்பதாலேயே அது எல்லா உடம்புக்கும் மெத்தென்று இருந்துவிடாது.

புற்றுநோய் விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் ஆரம்ப நிலையில் இருந்த பெண்களிடம் நடந்த பெரிய பன்னாட்டுச் சோதனை ஒன்றின் முடிவு 2018-ல் வந்தது. நாலரை வருடம் கழித்து நோய் திரும்பாமல் இருந்தவர்கள், திறந்து செய்தவர்களில் 96.5 சதவீதம், கேமராவிலும் ரோபோவிலும் செய்தவர்களில் 86 சதவீதம். துளை எல்லா வகையிலும் மேல் என்று நம்பிக்கொண்டிருந்த டாக்டர்களே அதிர்ந்துபோன முடிவு இது. அதற்குப்பின் இந்த நோய்க்கான பெரிய ஆபரேஷனுக்குத் திறந்த முறைதான் வழக்கமாகப் பரிந்துரைக்கப்படுகிறது. கர்ப்பப்பையின் உள்ளுறையில் வரும் புற்றுநோய் வேறு. ஆரம்ப நிலையில் அதற்குக் கேமரா முறை ஏற்கப்பட்டது. ஆகவே “கேன்சர்” என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரர் அனுபவத்தை நம் மேல் போட்டுப் பார்க்கக் கூடாது.

பெரிய நார்க்கட்டியைச் சின்னத் துளை வழியாக எடுக்க, உள்ளேயே சுழலும் கத்தியால் துண்டு துண்டாக நறுக்கும் கருவி ஒன்று உண்டு. நார்க்கட்டி என்று நினைத்தது உள்ளுக்குள் சார்கோமா என்ற புற்றாக இருந்தால், நறுக்கும்போது வயிறெங்கும் தெறித்துவிடும். நார்க்கட்டிக்காக ஆபரேஷன் செய்துகொள்பவர்களில் 350-ல் ஒருவருக்கு அப்படி இருக்கலாம் என்று மதிப்பிட்டு, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2014-ல் எச்சரித்தது. “பெருசா இருக்கே, எப்படி வெளிய எடுப்பீங்க? நறுக்குவீங்களா? தெறிக்காம ஒரு உறைக்குள்ள போட்டு நறுக்குவீங்களா?” என்று கேளுங்கள். 40 வயதைத் தாண்டியவர்கள் ஆபரேஷனுக்கு முன் கர்ப்பப்பை வாய்ப் புற்றைத் தேடும் பாப் ஸ்மியர், பையின் உள்ளுறைச் சதைச் சோதனை இரண்டும் முடிந்துவிட்டதா என்றும் பாருங்கள். இவை முடியாமல் தேதி குறிப்பது அவசரம்.

இப்போது கை பற்றி. ஆஸ்பத்திரி வாசலில் என்ன மெஷின் என்று எழுதியிருக்கிறது என்பதைவிட, அதைப் பிடிக்கிற கை எவ்வளவு பழகியது என்பதுதான் முக்கியம். கேமரா முறை கற்றுக்கொள்ள நாள் பிடிக்கும் வித்தை. “மாசத்துக்கு எத்தனை செய்றீங்க? எத்தனை பேருக்குப் பாதியில வயித்தைத் திறக்க வேண்டி வந்துச்சு?” என்று கேட்டால் நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். சின்ன ஊர் நர்சிங் ஹோம் என்றால் இன்னொரு கேள்வி: ஆபரேஷன் செய்பவர் அங்கேயே இருக்கிறவரா, சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ அன்றைக்கு வந்து போகிறவரா? வந்து போகிறவர் என்றால் ராத்திரி ரத்தப்போக்கு வந்தால் யார் பார்ப்பார்கள், ரத்தம் எங்கிருந்து வரும் என்பதையும் சேர்த்து. திறந்த ஆபரேஷனில் நூற்றுக்கணக்கில் கை பழகிய ஒரு டாக்டரம்மா, கேமராவில் இப்போதுதான் இறங்கியிருக்கிறார் என்றால், நான் கண்ணை மூடிக்கொண்டு அவர் கையால் திறந்தே செய்துகொள்வேன்.

கேமராவில் தொடங்கி நடுவில் திறக்க நேர்வது தோல்வியல்ல, உயிரைக் காக்கிற முடிவு. ஆனால் அதற்கான சம்மதம் முன்பே, நோயாளியின் கையெழுத்தோடு, தமிழில் விளக்கி வாங்கப்பட்டிருக்க வேண்டும். கேமரா வழியாகப் பரிசோதனை மட்டும் என்று மயக்கத்தில் படுக்கவைத்த ஒரு பெண்ணின் பையையும் சினைப்பைகளையும், வெளியே நின்ற அம்மாவிடம் சம்மதம் கேட்டுக்கொண்டு எடுத்த வழக்கில், 2008-ல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. சுயநினைவோடு முடிவெடுக்கக் கூடிய வயதுவந்த பெண்ணுக்காக, உயிருக்கு அவசரம் இல்லாதபோது, இன்னொருவர் சம்மதம் தர முடியாது. நம் பக்கத்தில் படிவம் முதலில் நீளுவது புருஷன் பக்கம்தான். வாங்கிப் படித்துவிட்டு, நீங்கள் போடுங்கள்.

அந்தப் படிவத்தில் சினைப்பை பற்றிய வரி எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். பையோடு சினைப்பையையும் எடுப்பதா என்பது, துளையா கிழிப்பா என்பதைவிடப் பெரிய முடிவு. மாதவிடாய் நிற்பதற்கு முன் இரண்டு சினைப்பையும் போய்விட்டால், மறுநாளிலிருந்தே உடம்பு திடீர் மெனோபாஸில் விழும்: உடம்பு குப்பென்று எரிவது, தூக்கம் கெடுவது, எலும்பு தேய்வது, பின்னாளில் இதயக் கோளாறு. நல்ல நிலையில் இருக்கும் சினைப்பையை 45 வயதுக்காரரிடமிருந்து எடுக்கக் காரணம் சொல்லச் சொல்லுங்கள். கருக்குழாய்களை மட்டும் சேர்த்து எடுப்பது வேறு. சினைப்பைப் புற்றுநோய் வாய்ப்பை அது குறைக்கும், ஹார்மோனைத் தொடாது.

காசு. கேமரா முறைக்குக் கருவி, முழு மயக்கம், கூடுதல் நேரம் என்று பில் ஏறும். திறந்ததற்குப் படுக்கை நாள் ஏறும். பேக்கேஜ் என்றால் அதில் ரத்தம், பயாப்ஸி என்ற சதைச் சோதனை, நடுவில் திறக்க வேண்டிவந்தால் ஆகும் செலவு எல்லாம் சேர்ந்ததா என்று எழுதி வாங்குங்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்கள் சேரலாம். அந்த அட்டையில் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனால் ஆபரேஷனுக்கு முன்பே அனுமதி வாங்கியிருக்க வேண்டும், உங்களுக்குச் சொன்ன முறை அதில் அடங்குமா என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ள வேண்டும். ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளில் வேலை செய்பவர்களுக்கு ஈ.எஸ்.ஐ. இருந்தால், டாக்டர் சீட்டோடு போடும் நோய் விடுப்புக்குச் சம்பளத்தில் 70 சதவீதம் வரை, வருடத்துக்கு 91 நாள் கிடைக்கும். அதைத் தெரியாமல் இரண்டாம் வாரமே கம்பெனி வேனில் ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள்.

அங்கேதான் விஷயம் வருகிறது. வெளிக்காயம் வேறு வேறு, உள்காயம் ஒன்றே. துளை போட்டாலும் திறந்தாலும் உள்ளே அறுந்த நாளங்கள் அவைதான், தைத்து மூடிய முனை அதுதான். அது நன்றாகக் கூட ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். இன்னும் சொல்லப்போனால், அந்த உள்தையல் பிரிந்துவிடும் ஆபத்து, அரிதுதான் என்றாலும், திறந்ததைவிடக் கேமரா முறையில் சற்றுக் கூடுதல். எங்கள் வீட்டில் இரண்டும் நடந்திருக்கிறது. பெரிய அண்ணிக்குத் திறந்த ஆபரேஷன். பெல்ட்டும் தையலும் தெரிந்ததால் மாமியார் தண்ணி சொம்பைக்கூடத் தூக்க விடவில்லை. தங்கைக்குக் கேமரா. தொப்புளில் ஒரு பிளாஸ்திரி மட்டும். “இன்னா, எறும்பு கடிச்ச மாதிரி இருக்குது, இதுக்கா படுத்துகினு இருக்கிற?” என்று மாமியார் கேட்க, அவளும் முதல் மாதமே நிறைந்த குடத்தைத் தூக்கி, மறுபடியும் ரத்தம் பட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

ஆகவே துளையைத் தேர்ந்தெடுப்பவர்கள் வீட்டாரையும் டாக்டர் அறைக்குள் கூட்டிப் போங்கள். எட்டு வாரம் குடம், சிலிண்டர், குழந்தை, மாவுக் கிரைண்டர் எதையும் தூக்கக் கூடாது, டாக்டர் பார்த்துச் சரி என்னும்வரை தாம்பத்தியம் கூடாது என்பதை அவர் வாயால் சொல்லக் கேட்கட்டும். நடப்பது வேறு, முதல் நாளே எழுந்து நடக்க வேண்டும், காலில் ரத்தம் கட்டாமல் இருக்க. கேமராவுக்குப்பின் தோள்பட்டை வலித்தால் பயப்பட வேண்டாம், உள்ளே மிஞ்சிய வாயுவின் வேலை அது, இரண்டு மூன்று நாளில் போய்விடும். முறத்தை மடியில் வைத்துக் குனிந்து பீடி சுற்றும் குடியாத்தம் பக்கத்துப் பெண்களுக்கு, வயிற்றைத் திறந்திருந்தால் தரையில் உட்கார்வதே முதல் சில வாரம் கஷ்டம். அவர்களுக்குத் துளை நிஜமான லாபம் தரும், முறத்தைச் சீக்கிரம் எடுக்காமல் இருந்தால். அப்புறம் இந்தப் பத்தியம். தண்ணி குடித்தால் சீழ் பிடிக்கும் என்று நாக்கு வறளப் போடுவது எந்த முறைக்கும் ஆகாது. மலம் இறுகினால் முக்க வேண்டிவரும், முக்கினால் உள்தையலுக்குத்தான் கேடு. தண்ணி, கீரை, பழம், பருப்பு, முட்டை எல்லாம் சாப்பிடலாம்.

ரத்தப்போக்கால் ஹீமோகுளோபின் 7, 8-க்கு இறங்கியவர்கள் தேதியைக் கொஞ்சம் தள்ளிப்போட்டு, இரும்பு ஊசி போட்டு ஏற்றிக்கொண்டு வருவது எந்த முறையையும் பாதுகாப்பாக்கும். கடைசியாக ஒரு காகித வேலை. எடுத்த பையைப் பயாப்ஸிக்கு அனுப்புவார்கள். அந்த ரிப்போர்ட் டிஸ்சார்ஜுக்குப் பிறகுதான் வரும், பலர் அதை வாங்கப் போவதே இல்லை. மறுபரிசோதனைக்குப் போகும்போது கேட்டு வாங்கி, டிஸ்சார்ஜ் சீட்டோடு சேர்த்து ரேஷன் கார்டு வைக்கும் பையில் வையுங்கள். கர்ப்பப்பை வாய் எடுத்தாச்சா, சினைப்பை ரெண்டும் இருக்கா என்று பத்து வருடம் கழித்து வேறு ஸ்கேன் டாக்டர் கேட்டால், அந்தச் சீட்டுதான் பதில்.